பெரியம்மாவின் கட்டைவிரலும் பெம்பா தீவின் பீபியும்

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் நடக்கும். சென்ற ஆண்டு அதற்காகப் பெரியம்மா வீட்டுக்குப் புறப்பட்டபோது, காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாணவியையும் உடன் அழைத்துச் சென்றேன். அவள் ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுக்கு உட்பட்ட சான்சிபாரின் பெம்பா தீவில் பிறந்தவள். முதுகலை படிப்பதற்காக இங்கே வந்தவள். திருவிழா முடிந்த மறுநாள் காலையில், தெருமுனை வீட்டுத் திண்ணையில் வங்கி முகவர் ஒருவர் கைக்கருவியுடன் வந்து உட்கார்ந்தார். தாமதமாகியிருந்த முதியோர் உதவித்தொகை அன்றுதான் கைக்கு வர இருந்தது. பெரியம்மா காலையிலேயே தலைவாரி, வங்கிப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவருடைய முறை வந்தபோது கருவி அவரது கட்டைவிரலை ஏற்கவில்லை. பெரியம்மா ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றியவர். இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடித்து நூலால் கட்டும் அந்த வேலையில் விரல் நுனிகளின் ரேகை முழுவதும் தேய்ந்துபோய், தோல் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும். அவர் விரலை முந்தானையில் துடைத்தார். முகவர் சொன்னபடி ஈரத்துணியில் ஒற்றி எடுத்து மீண்டும் வைத்தார். ஒவ்வொரு விரலாக மாற்றிப் பார்த்தார்கள். இடது கை நடுவிரலில், எத்தனையாவது முறை என்று எண்ண முடியாத ஒரு முயற்சியில், கருவி ஒலி எழுப்பியது. ஆயிரத்து இருநூறு ரூபாயை வாங்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்துப் பைக்குள் வைத்தார்.

மாணவி இதையெல்லாம் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில், "ஆன்ட்டி, தெருவில் இத்தனை வயதானவர்களைப் பார்த்தேன், வரிசையில் சிலர்தானே நின்றார்கள்?" என்று கேட்டாள். இது ஆதரவற்ற முதியோருக்கான திட்டம், எல்லோருக்கும் கிடைக்காது என்றேன். "ஒருவருக்கு ஆதரவு இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். இருந்தும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பதில் பெரியம்மாவின் மனு பற்றிய நினைவுதான்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த மனுவுக்காக நானும் அவருடன் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு ஒரே மகன்; பெங்களூரில் கொத்தனாராக இருந்தார். வேலை இருக்கும் மாதத்தில் பணம் அனுப்புவார், இல்லாத மாதத்தில் அனுப்ப மாட்டார். மகன் இருக்கிறான் என்று சொன்னால் மனு தள்ளுபடியாகும் என்பதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். விசாரணையில், "புள்ளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டபோது பெரியம்மா சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரும் இல்லீங்க" என்றார். அப்போது அவரை மிதிவண்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துவந்த மகன் சாலைக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்த பெரியம்மா அவரிடம் போகாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கீறான்னு சொன்னா காசு வராதுன்னாங்களேம்மா, பெத்த வாயால இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்று அழுதார். அந்த மகன் இன்று உயிருடன் இல்லை. தான் அன்று சொன்ன சொல்தான் பலித்துவிட்டது என்று பெரியம்மா இன்னமும் நம்புகிறார். அது உண்மையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் மனம் ஆறுவதில்லை.

இதைக் கேட்ட மாணவி தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். சுவாஹிலி மொழியில் பாட்டியைப் 'பீபி' என்பார்கள். (எங்கள் பகுதியில் உருது பேசும் வீட்டுப் பெண்கள் பலரின் பெயரிலேயே பீபி உண்டு; அதனால் அவள் பெரியம்மாவையும் பீபி என்று அழைத்தபோது அவருக்கு அது அந்நியமாகப் படவில்லை.) அவளுடைய பீபி வாழ்நாள் முழுவதும் கிராம்பு பறித்து, காம்பு கிள்ளி, பாயில் காயவைத்துப் பிழைத்தவர். சான்சிபார் அரசு 2016 ஏப்ரலில் எழுபது வயது நிறைந்த அனைவருக்கும் மாத உதவித்தொகையைத் தொடங்கியது. தொகை 20,000 தான்சானிய ஷில்லிங். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 600 ரூபாய். பின்னர் அது 50,000 ஷில்லிங்காக உயர்ந்தது. அங்கே பீபியிடம் கேட்டது அடையாள அட்டையையும் வயதையும்தான். மகன் என்ன சம்பாதிக்கிறான் என்று எவரும் கேட்கவில்லை. பீபிக்கு ஐந்து பிள்ளைகள். ஐவரின் பெயரையும் சொல்லிக்கொண்டே அவர் பணம் வாங்க முடிகிறது. அன்றிலிருந்து ஆப்பிரிக்க நாடுகளில் முதியோருக்கு என்ன செய்கிறார்கள், எதைச் செய்யத் தவறுகிறார்கள் என்று தேடித் தேடிப் படித்துவருகிறேன்.

ஆப்பிரிக்காவை நாம் இளைஞர்களின் கண்டமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். மக்கள்தொகையில் இளையோரின் பங்கு அங்கே மிக அதிகம் என்பதும் மெய்தான். ஆயினும் அறுபதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகும் என்று கணித்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2020-22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலக அளவில் ஓய்வு வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 77 பேர் ஏதேனும் ஒரு வகை ஓய்வூதியம் பெறும்போது, ஆப்பிரிக்காவில் 27 பேருக்குத்தான் அது கிடைக்கிறது. மற்றவர்கள் நிலத்திலோ சந்தையிலோ கடைசிவரை உழைக்கிறார்கள், அல்லது பிள்ளைகள் கையை எதிர்பார்த்திருக்கிறார்கள். எயிட்ஸ் நோய் ஒரு தலைமுறையையே கொண்டுபோன, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில், எதிர்பார்க்கப் பிள்ளைகளும் இல்லாமல், பெற்றோரை இழந்த பேரக்குழந்தைகளைத் தாங்களே வளர்க்க வேண்டிய பொறுப்பு பாட்டிமார்கள் தலையில் விழுந்தது.

இந்தப் பின்னணியில் ஆப்பிரிக்க நாடுகள் சில செய்திருப்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மொரிஷியஸ் 1950இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்தில், வருமானம் பார்க்கும் விதியை 1958இல் நீக்கி, வயது ஒன்றையே தகுதியாக்கியது. அந்நாடு அப்போது விடுதலைகூடப் பெற்றிருக்கவில்லை. நமீபியாவில் அறுபது வயது நிறைந்த அனைவருக்கும் ஓய்வூதியம் உண்டு. போட்ஸ்வானா 1996இல் அறுபத்தைந்து வயதிலிருந்து தரத் தொடங்கியது. மலைகள் சூழ்ந்த ஏழை நாடான லெசோத்தோ 2004இல், வெளிநாட்டுக் கடனுக்கோ கொடைக்கோ காத்திராமல், தன் சொந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்தே எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் மாதம் 150 மலோட்டி வழங்கத் தொடங்கியது. கென்யா 2018இல் எழுபதைக் கடந்த அனைவருக்கும் மாதம் 2,000 ஷில்லிங் என்று அறிவித்தது. தவணைகள் தவறிப்போகும் குறை அங்கே உண்டு.

தென்னாப்பிரிக்காவின் வரலாறு எங்கள் மாவட்டத்தையும் தொட்டுச் செல்கிறது. 1860ஆம் ஆண்டு தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் கணிசமானோர். அந்த நாட்டில் 1928இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது அது வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. கறுப்பின மக்களும், நம் ஊர்களிலிருந்து போய் அந்த மண்ணில் உழைத்து முதுமையடைந்தவர்களும் விலக்கப்பட்டார்கள். 1944இல் அவர்களையும் சேர்த்தார்கள் என்றாலும் இனத்துக்கு ஒரு தொகை என்ற அநீதி நெடுங்காலம் நீடித்தது. 1993இல்தான் எல்லோருக்கும் ஒரே தொகை என்றானது. இன்றைக்கும் அங்கே வசதியுள்ளவருக்கு ஓய்வூதியம் இல்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது விண்ணப்பதாரருடைய வருமானத்தையும் அவருடைய கணவர் அல்லது மனைவியின் வருமானத்தையும் மட்டுமே. பிள்ளைகளின் வருமானம் கணக்கில் சேர்வதில்லை. புளியமரத்தடியில் யார் நிற்கிறார்கள் என்பது அந்த நாட்டு அதிகாரிக்குத் தேவையில்லாத செய்தி.

பாட்டி கையில் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ தென்னாப்பிரிக்கத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஓய்வூதியம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடையும் வளர்ச்சியும் மேம்பட்டிருப்பதைக் கண்டார்; தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆம்பூர் நினைவு வந்தது. விடியற்காலையில் ஷூ கம்பெனி வேன்களில் ஏறிப் போகும் இளம் தாய்மார்கள், குழந்தைகளை மாமியாரிடமோ தாயிடமோ விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தடுப்பூசி நாளில் என்னிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் பாட்டிமார்கள். அவர்கள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பத்து ரூபாயில்தான் அந்தக் குழந்தைக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வந்தன.

நம் மாநிலம் இதில் பிந்திய மாநிலம் அன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த 1962ஆம் ஆண்டிலேயே முதியோர் ஓய்வூதியம் இங்கே தொடங்கிவிட்டது. 1995இல்தான் மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் வந்தது. இன்று மாநிலம் தரும் மாதம் 1,200 ரூபாயில், எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் மட்டுமே. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்தத் தொகை உயரவே இல்லை. எனக்குள்ள மனக்குறை தொகையைவிட 'ஆதரவற்றோர்' என்ற அந்தச் சொல்லின் மீதுதான் அதிகம். அந்தச் சொல் இருக்கும்வரை ஒரு தாய் தன் மகனை மறுத்தாக வேண்டும், அல்லது மகனை ஒப்புக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்தால் பணக்காரரும் வாங்குவாரே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கட்டும், அவரிடமிருந்து வரியாகத் திரும்பப் பெற அரசுக்கு வழி இருக்கிறது. விட்டுப்போன ஏழைக் கிழவியைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இன்றுவரை எவருக்கும் சரியான வழி தெரியவில்லை.

வயதை மட்டும் தகுதியாக வைத்தாலும், வயதை எதைக் கொண்டு நிறுவுவது என்ற சிக்கல் மிஞ்சுகிறது. என் பணிக்காலத்தில் வயது கேட்டால், "காமராசர் ஆட்சியில எனக்குக் கல்யாணம்", "பெரிய மழையில ஏரி உடைஞ்ச வருஷம் மூத்தவ பொறந்தா" என்றுதான் பதில் வரும். இன்று அதே பெண்களின் ஆதார் அட்டையைப் பார்த்தால் ஊரில் பாதிப்பேர் ஜனவரி முதல் நாளில் பிறந்திருக்கிறார்கள். உகாண்டாவில் எண்பது வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 25,000 ஷில்லிங் தரும் திட்டம் இருக்கிறது. அங்கே தேசிய அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு தவறாகப் பதிவானதால் பட்டியலில் இடம்பெறாமல் போன முதியவர்கள் ஏராளம். தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்காமல் வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. மண்வெட்டி பிடித்தவர் கையும் பீடி சுற்றியவர் கையும் ஒரே விதமாகத்தான் தேய்கின்றன. கருவி மறுத்தால் ஊரார் இருவர் சாட்சியில் பணத்தைக் கொடுக்கலாம் என்ற ஒரு வரி விதியில் இருந்தால் போதும். அந்த வரியை எழுதுவதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்பது எனக்கு விளங்கவில்லை.

பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், முதியவர்களின் மருத்துவம் பேருந்துக் கட்டணத்திலிருந்து தொடங்குகிறது என்பதை நான் கண்ணால் கண்டிருப்பதுதான். மருந்து இலவசம், ஆலோசனை இலவசம் என்று பலகை எழுதி வைத்தாலும், போய்வரும் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் ஒருநாள் கூலியும் இலவசம் ஆவதில்லை. செனகல் நாடு 2006இல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணமில்லா மருத்துவம் என்று 'பிளான் செசாம்' திட்டத்தை அறிவித்தது. மனமார வரவேற்க வேண்டிய முயற்சி அது. ஆனால் மருத்துவமனைகளுக்கு அரசு தர வேண்டிய தொகை நிலுவையில் நின்றதால் அவை முதியவர்களைச் சேர்க்கத் தயங்கின. திட்டம் இருப்பதே கிராமத்து ஏழைகள் பலருக்குத் தெரியவில்லை. நகரத்தில் இருந்த, படித்த, ஏற்கெனவே ஓய்வூதியம் பெற்றுவந்த முதியவர்கள்தான் மிகுதியாகப் பயனடைந்தார்கள். தான்சானியாவிலும் வசதியற்ற முதியவர்களுக்குச் சிகிச்சை இலவசம் என்பது கொள்கை. மருத்துவரைப் பார்த்துவிட்டு மருந்து வழங்குமிடத்துக்குப் போனால் அலமாரி காலியாக இருக்கும், சீட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கடைக்குத்தான் போக வேண்டும் என்று மாணவி சொன்னாள்.

இந்த ஒரு விஷயத்தில் நம்மிடம் அவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று இருக்கிறது என்று துணிந்து சொல்வேன். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்கள் அதே ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள். இரத்த அழுத்தம் அறிகுறி காட்டாத நோய். தலை சுற்றினால் மாத்திரை போடுவது, சரியானதும் விட்டுவிடுவது என்றுதான் முதியவர்கள் பழகியிருப்பார்கள். ஒரு நாள் காலையில் வாய் கோணிக்கொண்டு கைகால் விளங்காமல் போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாசலில் வந்து நின்று, "போன மாசத்து மாத்திரை மிச்சம் இருக்கா, எடுத்து வா பாக்கலாம்" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் அவற்றில் பல பக்கவாதங்களைத் தவிர்த்திருக்கலாம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மலேரியாவுக்கும் குழந்தை நலத்துக்கும் காசநோய்க்கும் என்று பயிற்சி பெற்ற அவர்கள் தோள்பையில், ஓர் அழுத்தமானியையும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரைகளையும் சேர்த்து வைப்பது பெரிய செலவுள்ள காரியம் அன்று.

செவிலியரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை உகாண்டா காட்டியிருக்கிறது. மருத்துவர் ஆன் மெரிமன் 1993இல் அங்கே தொடங்கிய நோய்த்தணிப்பு இல்லம், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மலிவான மருந்தைப் பரவலாக்கியது. சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்களே அதை எழுதித் தரலாம் என்று 2004இல் அந்நாடு சட்டத்தில் இடம் கொடுத்தது. புற்றுநோய் முற்றிய ஒரு மூதாட்டி கடைசி மாதங்களில் தூங்குவதற்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு குடிசையில் இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதுவும் தர இயலாமல் நான் திரும்பி வந்த நாள்கள் உண்டு. அந்த நாள்களை நினைக்கும்போது அந்தச் சட்டத்தின் அருமை எனக்குத் தெரிகிறது.

ஜிம்பாப்வேயில் முதிய பெண்கள் மருத்துவம் பெறுபவர்களாக மட்டும் இல்லாமல், அதைத் தருபவர்களாகவும் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரின் உம்பாரே பகுதியில் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மரப் பலகையில் உட்காரவைத்தார். மனம் நொந்து வருபவர்கள் அந்தப் பலகையில் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து பேசுவார்கள். எந்தச் சிக்கலை முதலில் அவிழ்க்கலாம் என்று இருவருமாக யோசிப்பார்கள். 2016இல் வெளியான ஆய்வு இந்த முறை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைப்பதை உறுதிப்படுத்தியது. மனச்சோர்வுக்கு ஷோனா மொழியில் அந்த மக்கள் சொல்லும் சொல்லின் பொருள், 'அளவுக்கு மீறி யோசிப்பது'. எங்கள் பகுதிப் பெண்களும், "ஓயாத யோசனையா கீதும்மா, தூக்கமே வரல" என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் இருந்த நோயை என் பணியின் முதல் பத்தாண்டுகளில் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

எழுதவே மனம் கூசும் செய்தி ஒன்றும் இருக்கிறது. தான்சானியாவின் வடமேற்கில் சுகுமா மக்கள் வாழும் பகுதிகளில், சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி மூதாட்டிகளைக் கொன்ற கொடுமைகள் பல ஆண்டுகளாக நடந்திருக்கின்றன. சூனியக்காரிக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டது சிவந்த கண். விறகு கிடைக்காமல் சாண வறட்டியை எரித்து வாழ்நாள் முழுவதும் சமைத்த பெண்ணுக்குக் கண் சிவக்காமல் வேறென்ன ஆகும்? என் பாட்டிக்கும் கண் அப்படித்தான் இருந்தது. ஊதுகுழலுடன் அடுப்பின் முன் குனிந்திருந்த அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கண்ணில் புரையும் விழுந்திருந்தது. ஆப்பிரிக்காவிலும் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரைதான். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களோ மிகக் குறைவு. மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலையை வெகுவாகக் குறைத்து, வளரும் நாடுகள் பலவற்றுக்கும் அனுப்பிவருகிறது. வில்லை மலிவாகிவிட்டது, இனி வேண்டியவை அதைப் பொருத்தும் கையும், மூதாட்டியை அந்தக் கை இருக்கும் இடத்துக்கு அழைத்துச்செல்லும் வண்டியும்.

ஆப்பிரிக்க ஒன்றியம் முதியோர் உரிமைகளுக்கென்றே தனி உடன்படிக்கை ஒன்றை 2016 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் ஏற்றுக்கொண்டது. சூனியப் பழிச்சொல்லிலிருந்து மூதாட்டிகளைக் காப்பதும், மருத்துவமும் சமூகப் பாதுகாப்பும் முதியவர்களின் உரிமை என்பதும் அதில் எழுத்திலேயே இருக்கின்றன. பதினைந்து நாடுகள் ஒப்புதல் அளித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அந்தப் பதினைந்து ஒப்புதல்கள் சேர்வதற்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகி, 2024 நவம்பரில்தான் உடன்படிக்கை உயிர் பெற்றது. ஒன்றியத்தில் உள்ள நாடுகள் ஐம்பத்தைந்து. எட்டு ஆண்டுகள் என்பது எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு எவ்வளவு நீண்ட காலம் என்பதை, கையெழுத்திடாமல் இருக்கும் அரசுகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு மாணவி ஊருக்குப் புறப்பட்டபோது, வேலூரில் ஐடா ஸ்கட்டர் சாலைக் கடை ஒன்றில் ஓர் இரத்த அழுத்தமானி வாங்கினாள். பீபிக்கு இதுவரை யாருமே அழுத்தம் பார்த்ததில்லை என்றாள். மூன்று மாலை நேரங்கள் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் இரண்டும் தரையில் பட, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பெம்பாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவள் அனுப்பிய குரல் பதிவில், பீபிக்கு 182/104 என்றாள். அந்த மாத உதவித்தொகையை எடுத்துக்கொண்டு, 'தாலா தாலா' என்று அவர்கள் சொல்லும் பகிர்வு வண்டியில் இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். முப்பது நாளுக்கு மாத்திரை கிடைத்திருக்கிறது. செய்தி பரவி அக்கம்பக்கத்துப் பாட்டிமார்களும் வந்து உட்காரத் தொடங்க, பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவள் பெயரும் எண்ணும் எழுதி வைத்தாள். இப்போது அவளுடைய தங்கை அந்த வேலையைத் தொடர்ந்து செய்து, பக்கத்தைப் படம் பிடித்து மாதம் ஒருமுறை அனுப்புகிறாள்.

பெரியம்மா இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தக் கடலுக்கு அந்தாண்ட கீற கெழவிக்கு இப்ப எவ்ளோ கீது?" என்று கேட்கிறார். சென்ற வாரம் குடியாத்தத்துக்குப் போயிருந்தபோது, அன்று காலை வந்த படத்தைப் பார்த்து, 148/90 என்று சொன்னேன். பீடி முறத்தை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் இடது கையை என் பக்கம் நீட்டினார்.